இல்லமும் கருவியும்: நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டி



இம்மாதம் தையல் இயந்திரத்தின் பராமரிப்பைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்க அனுமதி வேண்டுகிறேன். திருப்பூர் மங்கலம் சாலைப் பகுதியில் வாழும் ஒரு சகோதரியிடமிருந்து வந்த கடிதமே அதற்குக் காரணம். தம் பெயரை வெளியிட வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு பவர் டேபிள் மிஷின்கள் உள்ளன. பனியன் கம்பெனியில் வெட்டிய துணிகளை வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. கொண்டுவருவதும் கொண்டுபோவதும் என் வீட்டுக்காரரின் எக்ஸ்.எல். வண்டியில்தான். மூன்று மாதமாக அவ்வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்புகிறது. பிளக் மாற்றினோம். காயில் மாற்றினோம். என் கம்மலை அடகு வைத்துக் கார்புரேட்டரையே புதிதாக மாற்றினோம். இன்னும் நிற்கிறது. சென்ற வாரம் இரவு ஒன்பது மணிக்குள் சேர வேண்டிய பீஸ்கள் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தன, லாரி புறப்பட்டுவிட்டது. இனி வேலை தருவார்களோ மாட்டார்களோ என்று அஞ்சுகிறோம். வண்டியை விற்றுவிடலாமா?"

வாசகர்களே, கம்மல் அடகுக் கடைக்குப் போன பிறகும் தீராத கோளாற்றைக் கடிதம் எழுதித் தீர்த்துவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் சென்றேன். திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் அவ்வண்டியை நிறுத்திவைத்துப் பார்த்தோம். அங்கே கண்டதை முடிவில் சொல்கிறேன். அதற்குமுன், இத்தகைய சிறு வண்டிகள் நின்றுவிட்டால் நாம் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதை முறையாகப் பார்த்துவிடுவோம். முறை தெரியாமல் பாகங்களை மாற்றுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக் கடையிலுள்ள மாத்திரைகளையெல்லாம் வரிசையாக விழுங்குவதற்கு ஒப்பாகும்.

உங்கள் வண்டி எவ்வகை?

ஓசூரில் உள்ள தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் 1980-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க அச்சிறு வண்டி, நம் மாநிலத்தின் சிற்றூர்களிலும் தொழில் நகரங்களிலும் பாரம் சுமக்கும் கழுதையாகவே மாறிவிட்டது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளைத் திருப்பூரின் சந்துகளில் எந்த நேரத்திலும் காணலாம். முன்பக்கம் ஒரு மூட்டை, பின்பக்கம் இரண்டு மூட்டை, நடுவே ஒட்டுநரின் தலை மட்டும் தெரியும்.

இவ்வண்டிகளில் இன்று மூவகை ஓடுகின்றன. பழையவை, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. இவற்றிற்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். 2015-ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. இதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கலாகாது, எஞ்சினுக்குள் தனியே ஆயில் நிற்கும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிகளுக்கேற்ப வந்த வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை. மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது.

இவ்வேற்றுமையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். அப்பாவின் பழைய வண்டிக்கு மகன் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு போனால், பிஸ்டனுக்கு வழுவழுப்பு இன்றி, அது சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும். ஓடும் வண்டியின் சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ள, ஓட்டுபவர் தூக்கி எறியப்படவும் கூடும். ஆயிலின் அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பிற்கால வண்டிகள் பலவற்றிற்குரிய அளவு. மிகவும் பழைய வண்டிகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். கூடினால் புகையும் கரியும், குறைந்தால் நாசம்.

வண்டி நின்ற விதம் என்ன?

வண்டி நின்றதும் உதைக்கத் தொடங்காதீர்கள். முதலில் ஓரமாகத் தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை வீசினால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகே வரலாகாது. பிறகு ஒரு நிமிடம் நின்று, வண்டி எப்படி நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

விக்கி விக்கி, வலுக்குறைந்து, மெல்ல நின்றதா? பெரும்பாலும் பெட்ரோல் வரவில்லை. விளக்கை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா? பெரும்பாலும் மின்பொறி அறுந்துவிட்டது. கிறீச்சென்ற ஓசையோடு சக்கரம் இறுகி நின்றதா? எஞ்சின் பிடித்துக்கொண்டது, உதைக்கவே வேண்டா, ஆறவிட்டுப் பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள். எஞ்சின் ஓடியும் வண்டி நகரவில்லையா? கோளாறு எஞ்சினில் இல்லை. கிளச்சிலோ சங்கிலியிலோ இருக்கிறது.

எஞ்சினுக்கு வேண்டியவை நான்கே நான்கு: பெட்ரோல், மின்பொறி, காற்று, அழுத்தம். இந்நான்கையும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தால், கோளாறு எங்கே ஒளிந்திருந்தாலும் பிடிபடும்.

முதற் கேள்வி: பெட்ரோல் வருகிறதா?

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதை இழிவாக எண்ண வேண்டா. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பார். குழாய்த் திருகு மூடியிருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வுக்கு வந்தபின் விக்கத் தொடங்கினால், டேங்கின் அடியில் தங்கிய நீரும் துருவும் இறங்கியிருக்கலாம்.

எஞ்சின் ஆறியபின், கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, முனையைச் சிறு கண்ணாடிப் புட்டியில் பிடித்துத் திருகைத் திறவுங்கள். நூல்போல் இடைவிடாது வரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் திருகிலோ குழாயிலோ அடைப்பு. முதலில் நன்றாக வந்து, சிறிது நேரத்தில் குறைந்து நின்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் மீண்டால் குற்றம் மூடியில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தடிக்குத் திரும்பும்போது பயன்படும்.

குழாயில் நன்றாக வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள வடிதிருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். அதில் முத்துமுத்தாக நீர் உருளுமானால் காரணம் கிடைத்துவிட்டது. கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட் அடைத்திருந்தால் காற்றை ஊதித்தான் சுத்தம் செய்யவேண்டும். ஊசியாலோ கம்பியாலோ குத்தினால் துளை பெரிதாகி, வண்டி அன்றிலிருந்து கூடுதல் பெட்ரோல் குடிக்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால், உள்ளேயிருக்கும் மிதவை சிக்கியிருக்கக் கூடும். திருகாணிச் சாவியின் மரக் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டினால் பலமுறை விடுபடும். விடுபடாவிட்டால், வழிவதை நிறுத்தும்வரை வண்டியை ஓட்டலாகாது.

இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில், ஈர்த்த நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் அடைப்பு வளையங்களும் இதனால் ஊதி மென்மையாவதும் உண்டு. ஆகவே வெடிப்போ பிசுபிசுப்போ கண்ட குழாயை உடனே மாற்றுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கும்முன் கிண்ணத்தை ஒருமுறை வடித்துவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: மின்பொறி விழுகிறதா?

பிளக்கைக் கழற்றுவதற்கு ஒரு பானா போதும். சூடான எஞ்சினில் கை வைக்க வேண்டா, சற்றே ஆறவிடுங்கள். கழற்றிய பிளக்கின் முனை நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கும். இளம்பழுப்பு நிறமாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் மிகுதி. வெள்ளையாய் வெந்திருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது.

பலமுறை உதைத்தபின் கழற்றிய பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே வரவில்லை. முதற் கேள்விக்குத் திரும்புங்கள். நனைந்திருந்தால், பெட்ரோல் வந்தும் பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுதியாய் நிரம்பிவிட்டது. நிரம்பிய எஞ்சினுக்குச் சோக்கைத் தள்ளிவிட்டு, பெட்ரோல் திருகை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, சிலமுறை உதைத்தால் மிகை வெளியேறும்.

பிளக்கைத் துரிகை கொண்டு துலக்கி, துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் என்பது இவ்வகைப் பல வண்டிகளுக்குப் பொருந்தும். பொறியைச் சோதிக்க வேண்டுமானால், சிந்திய பெட்ரோலையெல்லாம் துடைத்து உலரவிட்டபின், பிளக்கை மூடியில் பொருத்தி, உறையிட்ட கொறடால் பிடித்து, அதன் உலோக உடலை எஞ்சினின் உலோகத்தில் தொடுமாறு வைத்து உதைக்க வேண்டும். பிளக் துளையின் வாயருகே அதை வைக்கவே கூடாது. அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலமாய்ச் சுருக்கென்று விழுவது நல்ல பொறி. மஞ்சளாய்த் தளர்ந்து விழுந்தால் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். புதிய பிளக்கிலும் பொறி இல்லையென்றால் அது பட்டறை வேலை. பெட்ரோல் பீய்ச்சும் புதிய வண்டிகளில் இச்சோதனையைச் செய்ய வேண்டா. அவற்றின் மின்னணுப் பாகங்கள் கெடக் கூடும்.

மழை நாளில் தேங்கிய நீரில் இறங்கி வந்தபின் வண்டி நின்றால், பிளக் மூடியையும் அதன் கம்பியையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் கிளம்பிவிடும். புகைக்குழாயின் வாய்க்குமேல் நீர் நிற்கும் இடத்தில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள்.

மூன்றாம் கேள்வி: காற்று புகுகிறதா?

இக்கேள்வி திருப்பூர் வாசகர்களுக்கென்றே அமைந்தது. பின்னலாடைக் கூடங்களிலும் கட்டிங் மேசைகளின் அருகிலும் பஞ்சுத் துகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். கூடத்து வாசலில் நிற்கும் வண்டியும் அதைச் சுவாசிக்கிறது. காற்று வடிகட்டியில் பஞ்சும் புழுதியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்துவிட்டால், எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து, பெட்ரோல் மிகுந்து, பிளக் கறுத்து, பாரத்தோடு மேடேற மறுக்கும். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளுக்கிடையே பஞ்சு அடைந்தால் சூடு வெளியேறாது.

வடிகட்டி பஞ்சணை வகையாயின், மண்ணெண்ணெயிலோ சோப்பு நீரிலோ அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில துளி ஆயில் தடவிப் பொருத்துங்கள். காகித வகையாயின் கழுவக் கூடாது. மெல்லத் தட்டித் தூசை உதிர்த்து, அழுக்கேறியபின் புதிதாக மாற்றவேண்டும். "வடிகட்டி இல்லாவிட்டால் நன்றாக இழுக்கிறது" என்று சொல்லி அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. இழுக்கும், கூடவே புழுதியையும் உள்ளே இழுத்துச் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

காற்று உள்ளே வருவதுபோலவே வெளியே போகவும் வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் புகைக்குழாயில் நாளடைவில் கரி அடைந்து வழி குறுகும். வண்டி நன்றாகக் கிளம்பியும் வேகம் ஏறவில்லையென்றால், குழாயைக் கழற்றிக் கரியை நீக்கச் சொல்லுங்கள்.

நான்காம் கேள்வி: அழுத்தம் இருக்கிறதா?

உதைக்கும்போது கால் சற்றே எதிர்ப்பை உணரவேண்டும். எதிர்ப்பின்றிக் கால் சறுக்கி இறங்கினால், முதலில் பிளக் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தும் எதிர்ப்பு இல்லையென்றால் பிஸ்டன் வளையமோ, கேஸ்கட்டோ, வால்வோ தேய்ந்திருக்கிறது. வீட்டு வைத்தியம் இங்கே முடிகிறது.

புதிய வண்டிகளில் எஞ்சின் வடிவில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. வண்டி ஓடும்போது அது எரிந்தபடியே இருந்தால், கண்டதையும் கழற்றாமல் உரிய கருவி வைத்திருப்போரிடம் காட்டுங்கள். இவ்வண்டிகளில் டேங்கை வற்றும்வரை ஓட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் பம்புக்கு அது கேடு.

வேப்பமரத்தடியில் கண்டது

இனி அச்சகோதரியின் வண்டிக்கு வருவோம். அவருடைய கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். நான் அவரிடம் கேட்டது ஒன்றே: "தம்பி, நிற்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு கிளம்பினீர்கள்?"

அவர் சற்று யோசித்து, "எப்பப் பார்த்தாலும் நாலஞ்சு கிலோமீட்டர்ல தானுங்க" என்றார்.

விக்கி விக்கி நிற்கிறதா என்றேன். ஆம் என்றார். கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்புகிறது என்பது கடிதத்திலேயே இருந்தது. அப்பொழுதுதான் டேங்க் மூடியைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு பாலித்தீன் உறையை மடித்து வைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டியிருந்தார். "இது எதற்கு?" என்றேன்.

"முன்னாடி வெக்கிற மூட்டையில பெட்ரோல் பட்டுக் கறையாயிருச்சுங்க. கம்பெனியில அம்பது பீஸ் தள்ளிட்டாங்க. அதுக்கப்புறம் கட்டிப்புட்டேன்."

எப்பொழுது கட்டினார் என்று கேட்டேன். சகோதரிதான் விடை சொன்னார்: மூன்று மாதத்திற்கு முன்பு.

வாசகர்களே, டேங்க் மூடியில் மிகச் சிறிய ஒரு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அவ்விடத்தை நிரப்ப வெளிக்காற்று அதன் வழியே உள்ளே புகவேண்டும். துளையை அடைத்துவிட்டால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்த சொம்பின் வாயை இலையால் மூடினால் நீர் விழாமல் நிற்பதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்து காட்டுவார்களே, அதே செய்திதான். வண்டி நின்றபின் எங்கேயோ சிறிது சிறிதாகக் காற்றுக் கசிந்து உள்ளே புகும். பெட்ரோல் மீண்டும் இறங்கும். கால் மணியில் வண்டி கிளம்பும். கார்புரேட்டர் ஒரு குற்றமும் செய்யவில்லை. காயிலும் செய்யவில்லை.

உறையை அவிழ்த்தோம். துளையில் படிந்திருந்த அழுக்கை நீக்கினோம். மூடியின் அடியிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து நைந்திருந்தது. முதலில் பெட்ரோல் வெளியே தெறித்துத் துணியைக் கறையாக்கியது அதனால்தான். புதிய வளையம் மாற்றவும், டேங்கை விளிம்புவரை நிரப்பாதிருக்கவும், மூட்டைக்கும் டேங்குக்கும் இடையே ஒரு பலகைத் துண்டு வைக்கவும் சொன்னேன். செலவு, ஒரு ரப்பர் வளையத்தின் விலை.

கம்மலை வைத்து மாற்றிய கார்புரேட்டரை எண்ணி அச்சகோதரி சிறிது நேரம் பேசாதிருந்தார். நான் பட்டறைக்காரரைக் குறைகூறவில்லை. அவரிடம் இவர்கள் சொன்னது "வண்டி நிற்கிறது" என்பது மட்டுமே. எத்தனை கிலோமீட்டரில், எவ்விதமாக, எப்போதிருந்து, அதற்குமுன் வண்டியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்னும் நான்கையும் அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மருத்துவரிடம் நோயின் வரலாற்றைச் சொல்வதுபோல் மெக்கானிக்கிடம் வண்டியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும். நல்ல வேளையாக இவர்களுடைய பழைய கார்புரேட்டர் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய கோளாறு

ஆயினும் அன்று என்னை அச்சுறுத்தியது டேங்க் மூடி அன்று. வண்டியை நகர்த்தி முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடிப்பு ஹாண்டிலின் கைப்பிடியைத் தொட்டது. சக்கரம் தன்பாட்டில் உருண்டது. பின் பிரேக்கும் ஏறக்குறைய அவ்வாறே. நான் முகம் சுளித்ததைக் கண்டு அத்தம்பி சிரித்துக்கொண்டே, "நிக்காத வண்டி வேணும்னு வந்தா, நீங்க நிக்கிற வண்டியப் பத்திப் பேசறீங்களேங்க" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதில் உண்மை இருக்கிறது. நிற்கக் கூடாத இடத்தில் நின்ற வண்டியால் அக்குடும்பம் ஒரு கம்மலை இழந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டியால் இழக்கக் கூடியதை எந்த அடகுக் கடையிலும் மீட்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். பிரேக்கின் பிடி ஒரே அளவாயிருக்க, மொத்த எடை இருமடங்கானால் வண்டி நிற்கும் தூரமும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் அத்தூரம் நான்கு மடங்காகும். தனியாக ஓட்டும்போது போதுமானதாகத் தோன்றும் பிரேக், மூட்டைகளோடு போதாமல் போவது இதனால்தான். பிரேக் கட்டைகள் தேய்ந்தபின் கம்பியை முறுக்கி முறுக்கி இழுப்பதில் பயனில்லை, கட்டைகளை மாற்றவேண்டும். நீரில் இறங்கி வந்தபின் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகச் சிலமுறை பிடித்து உலர்த்துங்கள். பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுதும் அறும்வரை காத்திராதீர்கள்.

சங்கிலியின் கீழ்ப்பக்க நடுவே விரலால் தூக்கிப் பாருங்கள். 20 முதல் 25 மில்லிமீட்டர்வரை ஆடுவது பொதுவான அளவு. அதற்குமேல் தொங்கினால் பாரத்தில் கழன்று சக்கரத்தைப் பூட்டக் கூடும். டயரில் காற்றைக் கையேட்டின்படி, பாரத்திற்குரிய அளவில் வையுங்கள். மூட்டையின் துணி நுனி சங்கிலியிலோ சக்கரத்திலோ தொங்கலாகாது. சூடான புகைக்குழாயில் துணி உராய்ந்தால் கருகித் தீப்பற்றவும் கூடும். முன்மூட்டை ஹாண்டில் திரும்புவதைத் தடுக்கலாகாது.

இதே வண்டியில்தான் ஞாயிறன்று குடும்பமும் கோவிலுக்கு வருகிறது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்புக் கம்பி வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவருக்குமேல் அமர்வதைச் சட்டம் தடுக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். அதற்குட்பட்ட குழந்தைக்குக் கவசத்தோடு ஓட்டுநருடன் பிணைக்கும் வாரும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்ற விதி 2023-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஹாண்டிலில் புனித கிறிஸ்தோபரின் படம் ஒட்டியிருப்பது நல்லதே. பிரேக் கட்டையை மாற்றும் வேலையை மட்டும் அவர் நம்மிடமே விட்டிருக்கிறார்.

வீட்டில் வைக்க வேண்டியவை

வண்டியின் பையில் ஒரு பிளக் பானா, ஒரு நல்ல உபரிப் பிளக், திருகாணிச் சாவி, கொறடு, சிறு துரிகை, உலர்ந்த துணி, பேட்டரி உள்ள வண்டிக்கு ஒரு பியூஸ் ஆகியவை இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் ஊற்றி வீட்டில் வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டா. தாகத்தில் அதை எடுத்துக் குடிக்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று: ஒரு பழைய நோட்டு. பெட்ரோல் போட்ட நாள், கிலோமீட்டர், ஆயில் மாற்றிய நாள், பழுது பார்த்த விவரம், செலவு ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதி வாருங்கள். பெட்ரோல் செலவு திடீரெனக் கூடினால் வண்டி நோயுற்றிருக்கிறது என்பதை அந்நோட்டு முதலில் சொல்லும். இதை எழுதும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்; கணக்கும் கற்பார்கள், தந்தையின் உழைப்பையும் அறிவார்கள்.

சென்ற வாரம் அச்சகோதரியிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. வண்டி இதுவரை ஒருமுறையும் வழியில் நிற்கவில்லையாம். இரு சக்கரங்களுக்கும் பிரேக் கட்டைகள் மாற்றியாகிவிட்டதாம். கம்பெனியில் மீண்டும் வேலை தந்திருக்கிறார்களாம். ஆனால் ஒன்பது மணிக்கு அரைமணி முன்பே பீஸ்கள் வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறார்களாம். கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது எழுதி வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அடுத்த இதழில், வாக்களித்தபடி, தையல் இயந்திரத்தைப் பார்ப்போம். நூல் அடிக்கடி அறுகிறது என்று எழுதுவோர், எவ்வகை நூல், எவ்வகை ஊசி, எப்போதிருந்து என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.